வால் பக்கம் வைத்த ஈயம்

கிரான்ட்ஸ்வில், யூட்டா
ஜூலை 2, 1962

என் அன்பு மகன் லோவெலுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தரின் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். வெர்ல் சித்தப்பாவும் சுகம். முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையவில்லை என்பதைத் தவிர அவனுக்கு ஒரு குறையும் இல்லை. உன் காலில் பவளப்பாறை கீறிய புண் ஆறிவிட்டதா? ஆறும்வரை கடலில் இறங்காதே. உன் மே மாதக் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. மறுநாள் உபவாச ஞாயிறு. வெறும் வயிற்றோடு இரண்டாம் முறை வாசித்தேன், பசி தெரியவில்லை.

ஊழியத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் தாய்மாரைப் பிஷப் ஆராதனை முடிந்து நிறுத்திவைத்தார். "வீட்டுக் கடிதத்துல வெயில் மட்டும்தான் இருக்கணும், மழை இருக்கக் கூடாது" என்றார். ஹேல் வீட்டில் அதைக் கடைசிவரை கடைப்பிடித்தார்கள் அல்லவா? மகன் ஸ்வீடனில் இருந்த காலம் முழுக்க, செத்துப்போன அவன் குதிரைக்குத் தீவனம் வைத்ததாகவே எழுதினார்கள். வந்து இறங்கிய அன்று அவன் நேரே லாயத்துக்கு ஓடினான், பாவம். எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. எழுத நல்ல செய்தியே நிறைய இருக்கிறது.

உப்புத்தரையில் தேங்கிய தண்ணீர் ஜூன் நடுவில்தான் வற்றியது. அந்த வாரமே நம் பந்தயத் தொட்டியை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனோம். நீ பாதியில் விட்டுப்போன பெரிய மோட்டார் இப்போது உள்ளே உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் சகோதரி ஹேல் என்னிடம் கேட்டாள்: "ஏன் நெட்ரா, சண்டை விமானத்தோட வயித்துல தொங்கின எண்ணெய்த் தொட்டிக்கு நாலு சக்கரத்தை மாட்டி, உன் வீட்டுக்காரரை அதுக்குள்ள படுக்க வச்சு அனுப்புறியே, உனக்குப் பயமா இல்லையா?" நான் சொன்னேன்: "அனுப்பறது நான் இல்ல. டிரக்கால பின்னாடி இருந்து தள்ளி விடறது மட்டும்தான் என் வேலை."

ஒரே ஒரு தொல்லை. புது மோட்டாருக்குப் பலம் அதிகம். சக்கரம் சுற்றுகிறது, கார் அந்த அளவுக்குப் போகவில்லை. ஈரச் சோப்பின் மேல் நடப்பதுபோல வழுக்குகிறது. அப்பா இரண்டு நாள் யோசித்தார். ஜனவரியில் பனியில் வழுக்காமலிருக்க டிரக்கின் பின்னால் மணல் மூட்டை போடுகிறோமே, அதே வழியைப் பிடித்தார். பழைய பாட்டரி, குழாய்த் துண்டு எல்லாவற்றையும் உருக்கி ஈயக் கட்டி வார்த்தார். எதில் என்கிறாய்? என் ரொட்டித் தகரங்களில்! கட்டிக்கு நாற்பது ராத்தல், ஆறு கட்டி. ஆறையும் பின்சக்கரங்களுக்கும் பின்னால், வாலுக்குள் வைத்துப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். "அண்ணி, இந்த ரொட்டியை ஒரு கடி கடிச்சா ஆயுசுக்கும் பசிக்காது" என்றான் வெர்ல். வழுக்கல் நின்றுவிட்டது. நூற்று எழுபது மைல் வேகம்வரை ஓட்டிப் பார்த்தார். ரயில் மாதிரி நேராகப் போனதாம். ஆகஸ்ட் கடைசியில் போட்டி வாரம். இந்த முறை வேகச் சாதனைப் பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறிவிடும் என்று இருவரும் சொல்கிறார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் சுகத்துக்காகக் காலையும் மாலையும் முழங்காலில் நிற்கும்,
உன் அம்மா நெட்ரா

டேய் லோவெல், அப்பா. ஈயம் வச்ச பிறகு தொட்டி உப்பைக் கவ்விப் பிடிச்சுக்குது. நீ பக்கத்துல இருந்தா உன்னைக் கேட்டுட்டுத்தான் வச்சிருப்பேன். நீ அங்க ஆத்துமாக்களைப் பிடி, நான் இங்க வேகத்தைப் பிடிக்கறேன்.

* * *

ஹாபாய் தீவுகள், டோங்கா
ஆகஸ்ட் 3, 1962

அன்புள்ள அம்மாவுக்கு லோவெல் வணக்கத்துடன் எழுதுவது.

நலம். புண் ஆறிவிட்டது. நீங்கள் நலம்தானே? இன்று மற்ற விசாரிப்புகளுக்குப் பொறுமை இல்லை, மன்னியுங்கள். இதை உடனே அப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

அப்பா, வாலில் வைத்த ஈயத்தைக் கழற்றிவிடுங்கள். ஆறு கட்டியையும்.

டிரக் பனியில் இருபது மைல் வேகத்தில் போகிறது. அங்கே காற்று ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் போகும் வேகத்தில் தொட்டி தரையில் ஓடும் வண்டியாக இருக்காது, எய்துவிட்ட அம்பாக இருக்கும். அம்புக்குக் கனம் தலையில், இறகு வாலில். கனம் முன்னால் இருந்தால், வால் சற்று விலகினாலும் காற்றே அதைத் தள்ளி நேராக்கிவிடும். கனம் வாலுக்குப் போய்விட்டால் அதே காற்று வாலை முன்னுக்குத் தள்ளப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நாலு மடங்கு. அதனால்தான் நூற்று எழுபதில் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருநூறுக்கு மேல் தெரியும். தெரிந்தபிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

இதை லோகன் கல்லூரியில் ஒரு வருஷம் படித்த திமிரில் சொல்லவில்லை. இங்கே என்னோடு ஊழியம் செய்யும் மோசேசேயின் மீன் ஈட்டியை வாங்கி, அதன் பின்முனையில் கல்லைக் கட்டி எறிந்து பார்த்தேன். பாதி தூரத்தில் அது திரும்பிக்கொண்டு பின்முனையை முன்னால் நீட்டியபடி போய் விழுந்தது. கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உங்க ஊர்ல மீன் தானா வந்து குத்திக்குமா?" என்று கேட்டான் மோசேசே. நான் சிரிக்கவில்லை. மூன்று தரம் எறிந்தேன். மூன்று தரமும் திரும்பியது.

ஈயம் வேண்டுமென்றால் மூக்கில், உங்கள் பாதங்களுக்கும் முன்னால் வையுங்கள். சக்கரம் வழுக்கினால் வழுக்கட்டும். இந்த வருஷம் பதிவு வேண்டாம்.

ஆகஸ்ட் 17. அம்மா, உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த கொப்பரைக் கப்பல், தபால் மூட்டையை இறக்கிவிட்டு, நான் உறையைப் பிரிக்கும்முன்பே திரும்பிப் போய்விட்டது. இன்றுதான் அடுத்த கப்பல். தந்தி கொடுக்கத் தலைநகரத் தீவுக்குத்தான் போக வேண்டும்; அதற்கும் இதே கப்பல்தான். "எல்லாத் தீவுலயும் கொப்பரை ஏத்திட்டு அங்க போய்ச் சேர ரெண்டு வாரம் ஆகும், தம்பி" என்கிறார் கப்பல்காரர். அதற்குள் போட்டி வாரம் முடிந்துவிடும். ஆனாலும் அனுப்புகிறேன். போட்டி தள்ளிப்போயிருக்கலாம். மழை பெய்திருக்கலாம். அங்கே மழை பெய்ய வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

உங்கள் மகன்,
லோவெல்

* * *

வெண்டோவர், உப்புத்தரை முகாம்
ஆகஸ்ட் 24, 1962

என் செல்ல மகனுக்கு,

இங்கு எல்லாரும் மிகமிகச் சுகம். நீயும் அப்படியே இருப்பாயென்று நம்புகிறேன். மடியில் ரொட்டிப் பலகையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கீழே உப்பு, மேலே சூரியன். மூக்குத் துவாரத்தின் உள்பக்கம்கூட வெந்துவிட்டது.

மழையே இல்லை. இத்தனை கெட்டியான உப்பைப் பத்து வருஷத்தில் பார்த்ததில்லை என்கிறார்கள்.

இன்று காலை எங்கள் முறை வந்தது. கறுப்புக் கோடு உப்பின் மேல் நேராக ஓடி, வானம் தொடங்கும் இடத்தில் கரைகிறது. டிரக்கின் முன்பட்டையைத் தொட்டியின் பின்கம்பியோடு ஒட்டவைத்து மெல்ல அழுத்தினேன். முப்பது. நாற்பது. ஐம்பது. அப்பா கிளட்சை விட்டதும் மோட்டார் இருமியது, தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொள்ளும் அந்த நொடி என் கை எலும்பு வரைக்கும் வந்து அதிரும். லோவெல், உண்மையைச் சொல்கிறேன், சபையில் எல்லாரும் சேர்ந்து பாடும்போதுதான் எனக்கு அப்படி மயிர்க்கூச்செடுக்கும். நான் ஒதுங்கினேன். அவர் போய்விட்டார். வெள்ளைத் தூசி ஒரு சுவர் போல எழுந்தது. சத்தம்கூட அவரைப் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடியது.

ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: இருநூற்று முப்பத்து மூன்று மைல்!

வெர்ல் தொப்பியை வீசினான். காற்று அதை நெவாடா பக்கம் கொண்டுபோய்விட்டது. "அண்ணி, போகட்டும் விடுங்க, நாளைக்கு எனக்குப் பெண் கொடுக்க வரிசையில நிப்பாங்க" என்றான்.

பழைய பதிவு இருநூற்று இருபத்தாறு. ஆனால் ஒரு ஓட்டம் போதாது என்பது உனக்குத் தெரியும். நாளைக் காலையில் இன்னொரு முறை ஓட வேண்டும், இரண்டின் சராசரிதான் புத்தகத்தில் ஏறும். நான் கணக்குப் போட்டேன். நாளை இருநூற்று இருபது போனாலே பதிவு நம்முடையது. அப்பாவிடம் சொன்னேன்: "அப்ப நாளைக்கு நிதானமா போனா போதும்தானே?" அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே. "நிதானமா போறதுக்கா நெட்ரா உப்புக்கு வந்தோம்?"

மூன்றாவது மைல் பக்கம் வால் இரண்டு தரம் ஆடியது என்று கொடிக்காரர் வந்து சொன்னார். அப்பா, "அந்த இடத்துல உப்பு கொஞ்சம் சொதசொதன்னு இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார். நாளை சனிக்கிழமை. ஞாயிறாக இருந்தால் ஓட்டத்தையே விட்டிருப்பார். அது தப்பியது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நாளை இரவு மீதியை எழுதுகிறேன் என்று சொன்னால், "இதையே இப்ப தபால்ல போடு, அவன் துள்ளட்டும்" என்கிறார்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

233டா! — அப்பா

* * *

கிரான்ட்ஸ்வில்
செப்டம்பர் 16, 1962

அன்பு மகன் லோவெலுக்கு,

தேவ கிருபை உன்னோடிருப்பதாக. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மோசேசேயின் வீட்டாரை விசாரித்ததாகச் சொல். நான் சுகம்.

இந்த வருஷம் பீச் பழம் நல்ல காய்ப்பு. பாகில் ஊறவைத்து நாற்பத்தொரு ஜாடி போட்டேன். போன வருஷம் நூற்றுப் பன்னிரண்டு. மீதியைச் சபைப் பெண்கள் வந்து பறித்துக்கொண்டுபோய் அவர்கள் வீட்டில் போட்டுக் கொடுத்தார்கள். கடைசி அறுப்பு வைக்கோலை வெர்லும் ஹேல் வீட்டுப் பையன்களும் முடித்துவிட்டார்கள். ஒரு கட்டுகூட நனையவில்லை. சால்ட் லேக்குக்கு அடிக்கடி போய்வருகிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து உனக்குக் கையுறை பின்னினேன். பாதி பின்னியபிறகுதான் நீ இருக்கும் ஊரில் குளிரே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

பதிவு கிடைக்கவில்லை. அது பெரிய விஷயமில்லை. தொட்டி வெர்லின் கொட்டகையில் தார்ப்பாயின் கீழே இருக்கிறது.

ஈயத்தைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்துசேர்ந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நீ சொன்னது சரி என்றார்.

பிஷப் வாரம் இரண்டு முறை வருகிறார். உனக்குத் தன் வாழ்த்தைச் சொல்லச் சொன்னார். அப்பாவுக்கு ஓய்வு தேவைப்படுகிறது, அதனால் அவர் இதில் எழுதவில்லை.

உன்னைக் கர்த்தரின் கையில் ஒப்புவித்து,
அம்மா

* * *

ஹாபாய் தீவுகள்
அக்டோபர் 6, 1962

அன்புள்ள அம்மா, அப்பா இருவருக்கும்,

நான் நலமே. உங்கள் நலத்தை அறிய எவ்வளவு துடிக்கிறேன் என்று எழுத்தில் சொல்ல முடியாது.

நீங்கள் உப்புத்தரையிலிருந்து எழுதிய கடிதம் இன்று கிடைத்தது. இருநூற்று முப்பத்து மூன்று! அந்த வரியை வாசித்ததும் மணலில் குதித்தேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்காமலே என்னோடு சேர்ந்து குதித்தார்கள். அதற்கப்புறம் கொடிக்காரர் சொன்ன வரி வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உப்பு சொதசொதப்பாக இல்லை, அப்பா. அதே கடிதத்தின் தொடக்கத்தில்தான் இத்தனை கெட்டியான உப்பைப் பார்த்ததில்லை என்று அம்மா எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் இதை எழுதிய மறுநாள் என்ன நடந்தது? அந்த மறுநாள் முடிந்து ஆறு வாரமாகிவிட்டது. உங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், ஹேல் வீட்டுப் பையன்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் அது இன்னும் விடியாத சனிக்கிழமை. நடந்து முடிந்ததற்காக ஜெபிக்கலாமா என்று மோசேசேயிடம் கேட்டேன். "கர்த்தர் வீட்டுச் சுவத்துல நாள்காட்டி கிடையாது. நீ முழங்காலைப் போடு" என்றான். போட்டேன். ஆனால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அவரை மெதுவாகப் போகவையும் என்று கேட்கவா, மெதுவாகப் போகவைத்தீர் அல்லவா என்று கேட்கவா?

அடுத்த கப்பலில் உங்கள் கடிதம் இருக்கும். அப்பா கைப்பட ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

அன்புடன்,
லோவெல்

* * *

கிரான்ட்ஸ்வில்
அக்டோபர் 21, 1962

அன்பு மகனே,

சமாதானம் உண்டாவதாக. நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா? மெலிந்திருப்பாய் என்று மனதில் படுகிறது. எங்களுக்கு ஒரு குறையும் வராமல் சபையார் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்பா வீட்டில்தான் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். நேற்று என் உருளைக்கிழங்குக் கூட்டில் உப்பு குறைவு என்று குறை சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

மாடி அறையைக் காலி செய்துவிட்டு நாங்கள் கீழே முன்னறைக்கு வந்துவிட்டோம். மாடி குளிர் அதிகம். போன சனிக்கிழமை சபை ஆண்கள் ஒன்பது பேர் வந்து வீட்டில் கொஞ்சம் தச்சுவேலை செய்தார்கள். முன்வாசல் படிகளை எடுத்துவிட்டு எட்டடி நீளத்துக்குச் சரிவாகப் பலகை இறக்கியிருக்கிறார்கள். சமையலறைக் கதவைக் கழற்றி நிலையை அகலப்படுத்தினார்கள். சாப்பாட்டு மேசையின் கால்களுக்கு அடியில் நாலங்குலக் கட்டை வைத்து உயர்த்தியாயிற்று. மத்தியானம் எல்லாருக்கும் சூப்பும் ரொட்டியும் கொடுத்தேன். புதுத் தகரங்களில் ரொட்டி நன்றாக வேகிறது.

வெர்ல் முன்போல அதிகம் பேசுவதில்லை. வந்து அப்பாவோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறான்.

நீ ஊழியத்தில் மனதை வை. உன்னால் அங்கே ஒரு ஆத்துமா ரட்சிக்கப்பட்டால் அது இந்த வீட்டுக்கு ஆசீர்வாதம்.

மாறாத அன்புடன்,
அம்மா

* * *

ஹாபாய் தீவுகள்
அக்டோபர் 29, 1962

அன்புள்ள அம்மா,

நான் சுகமாகவே இருக்கிறேன். உங்கள் செப்டம்பர் கடிதம் கிடைத்தது. அதைப் பதினைந்து முறையாவது வாசித்திருப்பேன்.

"நான் சுகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் "நானும் அப்பாவும்" என்றோ "எல்லாரும்" என்றோதான் எழுதுவீர்கள்.

பீச் காலத்தில் வீட்டைவிட்டு ஒரு நாள் நகரமாட்டீர்கள். நாற்பத்தொரு ஜாடி போட்டுவிட்டு மரத்தை மற்றவர்களுக்கு விட்டிருக்கிறீர்கள். சால்ட் லேக்கில் நமக்குச் சொந்தக்காரர்கள் யார்? வைக்கோல் அறுப்புக்கு ஹேல் பையன்கள் எதற்கு? ஜாடியை எண்ணுகிறீர்கள், என் கடிதம் வந்த தேதியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

அம்மா, எனக்கும் செத்த குதிரைக்குத் தீவனம் வைக்காதீர்கள்.

நான் சொன்னது சரி என்று அப்பா எப்போது சொன்னார்? ஓட்டத்துக்கு முன்பா, பின்பா?

லோவெல்

* * *

ஹாபாய் தீவுகள்
நவம்பர் 26, 1962

அம்மா, அப்பா,

வணக்கம். எட்டடிப் பலகை பற்றிய கடிதம் வந்தது.

அன்று சாயங்காலம் கடற்கரையில் குச்சியால் நம் வீட்டை வரைந்தேன். வாசல், முன்னறை, மேசை, சமையலறை நிலை. நீங்கள் எழுதிய அளவுகளைப் போட்டேன். எல்லா அளவும் ஒரு சக்கர நாற்காலிக்குத்தான் பொருந்தின. பொய் எழுத உங்களுக்கு வராது, அம்மா. என்ன நடந்தது என்பதைத்தான் விட்டுவிட்டீர்கள், அதைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு பலகையையும் அங்குலம் பிசகாமல் எழுதிவிட்டீர்கள்.

மோசேசே என் பக்கத்தில் உட்கார்ந்தான். "உங்கப்பா உயிரோட இருக்காரா?" என்றான். "மேசையை உயர்த்தியிருக்காங்க, அப்ப இருக்கார்" என்றேன். "அப்ப முதல்ல அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லு, மத்ததை அப்புறம் அழுவோம்" என்றான். அப்படியே செய்தோம்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. முழுவதும் எழுதுங்கள். பாதியில் வீடு திரும்ப அனுமதி கேட்டு ஊழியத் தலைவருக்கு எழுதவா? உங்கள் பதில் வந்ததும் அடுத்த கப்பலில் ஏறிவிடுவேன். இன்னும் பதினாலு மாதம் இங்கே ஒவ்வொரு குடிசையாகப் போய், கர்த்தர் தம்முடையவர்களைக் காப்பார் என்று எப்படிச் சொல்வேன்?

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நேராகப் பதில் வேண்டும். அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். என் கடிதம் நேரத்தோடு வந்திருந்தால் ஈயத்தைக் கழற்றியிருப்பாரா? நான் இரவில் படுத்தால் அந்தக் கப்பல் ஒவ்வொரு தீவாக நின்று நின்று போகிறது. உறையை உடனே பிரித்து வாசித்திருந்தால் அதைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றுகிறது. கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

லோவெல்

* * *

கிரான்ட்ஸ்வில்
டிசம்பர் 30, 1962

என் கண்ணான மகனுக்கு,

பிறக்கப்போகும் ஆண்டு உனக்குச் சமாதானத்தைத் தரட்டும். உன் அக்டோபர் மாத இரண்டு கடிதங்களும் முன்னமே வந்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மூன்றாவது வந்தது. பிஷப்பிடம் எடுத்துப் போனேன். வாசித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார். "எழுதிடுங்க, சகோதரி" என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் காற்று அசையவில்லை. வழக்கம்போல் தள்ளினேன். மோட்டார் பிடித்தது. நான் ஒதுங்கும்போது கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் கை ஒரு தரம் உயர்ந்தது. டிரக்கைப் பக்கத்துப் பாதையில் திருப்பிக்கொண்டு பின்னாலேயே போனேன், வெர்ல் என்னருகே இருந்தான். ஒலிபெருக்கியில் இரண்டாவது மைலுக்கு இருநூற்று முப்பத்தாறு என்றார்கள். வெர்ல் முன்பலகையை ஓங்கித் தட்டினான். மூன்றாவது மைலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியை மூடவும் இல்லை. அதற்குள் ஒருவர் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

நீ எழுதியது போலவே நடந்தது. வால் ஆடியது, பிறகு வாலே முன்னால் வந்துவிட்டது. பின்பக்கமாகவே கொஞ்ச தூரம் போய், எழுந்து, உருண்டது. நான் பெடலைத் தரையோடு மிதித்தேன். அந்த டிரக் எழுபதுக்கு மேல் போகாது, லோவெல். எவ்வளவு மிதித்தாலும் போகாது. வெள்ளைத் தரை நகரவே இல்லை, நாங்கள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. வெர்ல், "வேகமா, அண்ணி, வேகமா" என்று கத்திக்கொண்டே வந்தான். நானும் கத்தினேன், கர்த்தரைப் பார்த்து. என்ன கத்தினேன் என்பது அவருக்கும் எனக்கும்.

முதுகெலும்பு இடுப்புக்கு மேலே முறிந்தது. சால்ட் லேக் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம். எண்ணெய் பூசித் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள், உயிர் நின்றது. கால்கள் இனி அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைகளும் தலையும் நாக்கும் உன் அப்பா ஓர்வலுக்குப் பழையபடியேதான். எழுதக் கை வரும், எழுத மனம் வரவில்லை. அதனால்தான் அவர் வரி உனக்கு வரவில்லை.

உன் கடிதம் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வந்தது. பதினெட்டு நாள் பிந்தி.

நேற்று மத்தியானம் உன் கேள்வியை எடுத்தேன். அவர் சன்னலோரம் நாற்காலியில் இருந்தார், வெர்ல் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தான். "ஏங்க, லோவெல் உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்கான்" என்றேன்.

"வாசி."

வாசித்தேன். கப்பல் வரி வரை வாசித்தேன். அவர் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்ல் விறகைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"எழுது. அந்தக் கடிதம் முந்தின நாளே என் கைக்கு வந்திருந்தாலும் ஈயத்தைத் தொட்டிருக்க மாட்டேன். இருபது வயசுப் பொடியன் எங்கேயோ தேங்காய் மரத்தடியில உக்காந்து சொன்னான்னு நான் போல்ட்டைக் கழட்டறதா?"

வெர்ல், "அண்ணே..." என்று ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடு. விறகைப் போடு."

"அப்படியே எழுதட்டுமா?" என்றேன்.

"அப்படியே எழுது. பொடியன்ங்கறதையும் சேர்த்து. பாதியில கிளம்பி வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்னும் எழுது. இங்க வந்து என்ன பண்ணப் போறான்? என் காலைப் பார்த்துக்கிட்டு உக்காரப் போறானா? அதைப் பண்ணத்தான் நான் இருக்கேனே."

அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

உன்னை நினைக்காமல் ஒரு வேளை உணவும் உண்ணாத,
அம்மா

* * *

ஹாபாய் தீவுகள்
பிப்ரவரி 4, 1963

அன்புள்ள அம்மா,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. இதில் இரண்டு தாள் இருக்கிறது. இந்தத் தாளை நீங்கள் மட்டும் வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நான் அவர் மகன். அவர் எதைக் கழற்றுவார், எதைக் கழற்றமாட்டார் என்று எனக்குத் தெரியாதா? நான் பக்கத்தில் இருந்தால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஈயத்தை வைத்திருப்பேன் என்று ஜூலையில் அவரே எழுதியிருந்தார். ஊழியத் தலைவருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நான் வந்தால் அவர் என் முகத்தைப் பார்த்து அதையே இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சுமக்க அவருக்குத் தெம்பு வரும்வரை இங்கேயே இருக்கிறேன்.

மற்றத் தாளைச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கும்போது உங்கள் குரல் தடுமாறக் கூடாது, அம்மா. வெர்ல் சித்தப்பா அந்த நேரத்தில் அறையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோவெல்

*

அன்புள்ள அப்பாவுக்குப் பொடியன் எழுதுவது.

சுகம்தானே? இங்கே நான் சுகம். யாம் கிழங்கு தின்று தின்று கொழுத்துவிட்டேன்.

உங்கள் பதிலைப் பார்த்தேன். எனக்கு அது அப்போதே தெரியும். நீங்கள் யார் சொல்லித்தான் எதைக் கேட்டிருக்கிறீர்கள்? கடிதம் முந்தின நாள் வந்திருந்தால் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த ஈயத்தோடுதான் போயிருப்பீர்கள். வீணாகக் கப்பலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன்.

நீங்கள் சொன்னதை நம்புகிறேன், அப்பா. முழுவதும் நம்புகிறேன்.

லோவெல்